மெலேக்குப் பின்னால் ஆட ஒராள்

மாசி மாதத்தில் ஒஸ்லோவில் விடிவது என்பது ஒரு பேச்சுக்குத்தான். குரோருட் மேட்டிலிருந்த அந்தப் பள்ளிக்கூட வாசலில் பேனாட் ஆறு மணிக்குப் பனி தள்ளத் தொடங்கினால், ஏழரை வரைக்கும் விளக்குக் கம்பத்து மஞ்சள் வெளிச்சம்தான் அவருக்குச் சூரியன். அங்கே அவர் வக்ட்மெஸ்தர். பூட்டுத் திறப்பது, குழாய் ஒழுக்கை நிறுத்துவது, பல்பு மாற்றுவது, கதிரை அடுக்குவது, படியில் உப்புப் போடுவது எல்லாம் ஒரே ஆள். பதினொரு வருடத்தில் அந்தக் கட்டடத்தின் முக்கல் முனகல் அத்தனையும் அவருக்குப் பாடமாகியிருந்தது.

2007ஆம் ஆண்டு மாசியில் ஒரு வாரம், திங்கட்கிழமை எட்டரைக்கு, அவர் உப்பு வாளியும் கையுமாக நின்றபோது வாசல் ஒலிபெருக்கியில் ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது. "மாலோ ஏ லெலெய்" என்றது. பிறகு இன்னும் ஏழெட்டுச் சொல். ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எந்தச் சொல்லும் அடைபட்டு முடியவில்லை. ஒவ்வொன்றும் வாயைத் திறந்தபடியே போய் அடுத்ததோடு சேர்ந்தது. காற்றில்லாத காலை. பனி அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குரலும் பனியும் ஒரே உயரத்திலிருந்து வருவதுபோல இருந்தது அவருக்கு. உப்பை ஒரே படியில் மூன்று தரம் போட்டுவிட்டுத்தான் சுயநினைவுக்கு வந்தார்.

அந்த வாரம் பசிபிக் கடலிலுள்ள தொங்காத் தீவுகளின் மொழிக் கிழமை. தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டில் முப்பத்தெட்டு மொழி பேசுகிறார்கள் என்று ஒருநாள் எண்ணிக் கண்டுபிடித்த தலைமையாசிரியை, மாதம் ஒரு கிழமையை ஒரு மொழிக்கு என்று எழுதி வைத்துவிட்டார். காலையில் ஒலிபெருக்கியில் வணக்கம், வகுப்பில் பாட்டு, சாப்பாடு, வெள்ளிக்கிழமை யிம்சாலில் விழா. யிம்சால் என்பது பிள்ளைகள் பந்தடிக்கிற மண்டபம். ஒரு பக்கத்தில் முழங்கால் உயர மேடையும் உண்டு. கார்த்திகையில் தமிழ்க் கிழமை வந்தபோது தாய்மொழி ரீச்சர் புஷ்பமலர் பதினொரு பிள்ளைகளுக்குச் சதங்கை கட்டி, வரவேற்புரை, ஆசியுரை, நன்றியுரை என்று முக்கால் மணி நேரம் கூடுதலாக எடுத்து முழுப் பள்ளிக்கூடத்தையும் பட்டினி போட்டார். தொங்காவுக்கு அங்கே இருந்ததோ ஒரேயொரு பிள்ளை. ஏழாம் வகுப்பு மெலே.

மெலேயின் உயிர்ச் சிநேகிதி, பேனாட்டின் மகள் சோஃபி. அதே வகுப்பு.

இந்த இடத்தில் பேனாட்டின் ஒரு கவலையைச் சொல்லிவிட வேண்டும். அப்பனும் மகளும் ஒரே வீட்டிலிருந்து ஒரே பள்ளிக்கூடத்துக்கு வந்தாலும், வாசலைத் தாண்டினால் அவர்கள் ஆளையாள் தெரியாதவர்கள். அது சோஃபி போட்ட சட்டம். ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் அவர் ஏணியில் நின்று பல்பு மாற்றிக்கொண்டே "சோஃபிக்குஞ்சு, தொப்பியைப் போடு பிள்ளை" என்று கூப்பிட, பொடியள் நாலு பேர் அதைப் பாட்டாகப் பாடினார்கள். அன்று பின்னேரம் அவள் சாப்பாட்டு மேசையில் சட்டத்தை அறிவித்தாள். அங்கே தமிழ் கதைக்கக்கூடாது, கையசைக்கக்கூடாது, பெயர் சொல்லக்கூடாது. "அது ஃப்ளௌட் அப்பா" என்றாள். ஃப்ளௌட் என்றால் வெட்கக்கேடு. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு உலகத்தில் பாதி ஃப்ளௌட்தான். அவர் சிரித்துக்கொண்டு சம்மதித்தார். இரண்டு வருடமாக, நடைபாதையில் துடைப்பத்தோடு நிற்கும்போது அவள் எதிரே வந்து சுவரைப் பார்த்தபடி கடந்துபோகிற அந்த நாலைந்து விநாடி அவருக்கு நெஞ்சுக்குள் பனி விழுந்தது. அதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

புதன்கிழமை மெலேயின் தாய் லோசே அவரைத் தேடி நிலவறைக்கு வந்தாள். பெரிய உடம்பு, சின்னக் குரல். லில்லெஸ்ட்ரோமில் வயோதிபர் இல்லத்தில் வேலை. பாய்க்கப்பலில் உலகம் சுற்ற வந்த நோர்வேக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். அவன் பிறகும் சுற்றப் போய்விட்டான், இவளும் மகளும் குரோருட்டில் தங்கிவிட்டார்கள். கையில் ஒரு போத்தல் வைத்திருந்தாள். அவர்கள் பேசியது நோர்வே மொழியில், இருவருக்கும் அரைகுறை. ஆகையால் நன்றாக விளங்கியது.

"இது கல்லாகிப் போய்விட்டது. என் வீடு குளிர்" என்றாள். "ஆடும்போது பிள்ளையின் கை மினுங்க வேண்டும். மினுங்காவிட்டால் எங்கள் ஆட்கள் அதை ஆட்டம் என்று சொல்லமாட்டார்கள்."

பேனாட் போத்தலை வாங்கி மணந்து பார்த்தார். தேங்காயெண்ணெய். உள்ளே ஏதோ பூ ஊறியிருந்தது. ஒவ்வொரு பனிக்காலமும் மனைவி புளோறன்ஸ் தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தவருக்கு இந்த வித்தையைச் சொல்லியா கொடுக்க வேண்டும்? சூடு போகிற குழாயின் வளைவில் ஒரு துணியைச் சுற்றி அதன்மேல் போத்தலைச் சாய்த்து வைத்தார். வெள்ளைக்கட்டியின் ஓரத்தில் மெல்ல ஒரு கண் திறந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிலவறை முழுக்க அந்தப் பூ மணம் வந்தது. என்ன பூ என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அது ஒரு பெயராகப் போய்விடும் என்று இருந்தது.

"நாளைக்கு என் தம்பி வருகிறான், ஸ்தவாங்கரிலிருந்து" என்றாள் லோசே. "கப்பலில் சமையல்காரன். மெலேக்காகத்தான் வருகிறான்."

தாய்மாமன் வருகிறான் என்றதும் பேனாட் நிமிர்ந்துவிட்டார். அவள் போனதும் முதல் வேலையாக ஆசிரியர் அறையிலிருந்த கைப்பிடி வைத்த மெத்தைக் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் யிம்சாலில் முன்வரிசை நடுவில் போட்டார். கோட்டும் சூட்டுமாக ஒரு மனிதர் வந்து அதில் அமர்வதை மனதில் கண்டும் விட்டார். மெலேக்கு இனி ஒரு குறையுமில்லை என்று அவருக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்கு ஒத்திகை. அன்று பனிக்காற்று. பின்கதவடியில் பனி குவிந்து கதவு திறபடாமல் போக, பேனாட் அதோடு அரைமணி நேரம் போராடினார். அதனால் யிம்சாலுக்குள் லோசே யாரை யாருக்கு அறிமுகப்படுத்தினாள் என்பது அவருக்குத் தெரியாது. கதவைச் சரிப்படுத்திக்கொண்டு உள்ளே வந்தபோது ஆட்டம் தொடங்கியிருந்தது.

லோசே மேடை ஓரத்தில் இருந்து நாலு கம்பி வைத்த சின்ன வாத்தியத்தை மீட்டிப் பாடினாள். நடுவில் மெலே. முழங்கால் ஒட்டி, பாதம் இருந்த இடத்தில் இருக்க, கை மட்டும் பேசியது. விரல் மடங்கி விரிந்தது. மணிக்கட்டு தண்ணீருக்குள் கிடப்பதுபோல் திரும்பியது. எண்ணெய் பூசிய கையில் ரியூப்லைற் வெளிச்சம் வழிந்தது. இடைக்கிடை தலையைத் துளி சரித்து நிமிர்த்தினாள். பந்து பட்டுப் பட்டுக் கறுத்த சுவர், தொங்கும் கயிறுகள், வியர்வை மணம் பிடித்த பாய்கள், எல்லாம் எங்கோ தள்ளிப் போயின. வாசலில் நின்ற பேனாட்டுக்குத் தான் எதற்காக வந்தேன் என்பதே மறந்தது.

அப்போதுதான் அந்த மனிதனைக் கண்டார்.

மலைபோல ஒரு ஆள். இடுப்பில் ஒரு ஓலைப்பாயைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தான். பாய் நைந்து ஓரமெல்லாம் பிய்ந்து கிடந்தது. கண் இரண்டும் சிவப்பு. காலில் சப்பாத்தில்லை, மேசு மட்டும். மெலேக்குப் பின்னால் நின்று கையை இங்கும் அங்கும் வீசி, இடறி, குந்தி எழும்பி, தன் தொடையில் தானே அடித்து, ஒரு தாளத்திலும் சேராமல் கூத்தடித்துக்கொண்டிருந்தான்.

பேனாட்டுக்கு இது புதிதல்ல. ஒஸ்லோத் தமிழரின் ஒவ்வொரு கலைவிழாவிலும் மேடைப் பொறுப்பு அவருடையது. பிள்ளைகள் நடனம் ஆடும்போது எங்கிருந்தாவது ஒரு மாமா இரண்டு கிளாஸ் உள்ளே போனபின் மேடையேறிப் பின்னால் நின்று ஆடத் தொடங்குவார். அடித்துப் பிடித்து இறக்கினால் விழா கெட்டுவிடும். பேனாட்டிடம் அதற்கு ஒரு கைமருந்து இருந்தது. பக்கவாட்டால் ஏறி, முழங்கையில் மெல்லப் பிடித்து, காதுக்குள் "அண்ணை, வெளியிலை உங்களை ஒராள் கூப்பிடுது" என்பார். குடித்தவனுக்குத் தன்னை ஒருவர் கூப்பிடுகிறார் என்றால் தட்டமுடியாது. இதுவரை ஒருதரமும் தவறியதில்லை.

அன்றும் தவறவில்லை. "வெளியில் உங்களை யாரோ கூப்பிடுகிறார்கள்" என்று நோர்வே மொழியில் சொன்னார். அந்த மனிதன் குழந்தைமாதிரிக் கண்ணை விரித்து, "என்னையா?" என்று கேட்டு, நன்றி சொல்லி, இறங்கிப் பின்கதவால் வெளியே போனான். கதவு சாத்திக்கொண்டது. அது உள்ளிருந்து மட்டும் திறக்கிற கதவு.

பேனாட் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பினார். மெலே ஆடவில்லை. முதுகுக்குப் பின்னால் வெறுமையாகிவிட்டதைத் திரும்பிப் பாராமலே உணர்ந்தவள்போல் கை அரைவாசியில் நின்றது. பிறகு திரும்பிப் பார்த்தாள். லோசேயின் பாட்டும் நின்றது.

"இனிப் பயமில்லை, ஆடு பிள்ளை" என்றார் அவர்.

மேடையருகில் எண்ணெய்ப் போத்தலோடு நின்ற சோஃபி நோர்வே மொழியில், சட்டப்படி, ஒரு வக்ட்மெஸ்தரோடு பேசுகிற குரலில் கேட்டாள்: "அவளுடைய மாமாவை எங்கே அனுப்பினீர்கள்?"

பின்கதவைத் திறந்தபோது அவன் படியில் நின்றான். தலையிலும் தோளிலும் பனி. இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு வீதிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் வரவில்லையே" என்றான். "நான் இன்னும் கொஞ்சம் நிற்கட்டுமா?"

பேனாட்டின் வாய் தன்பாட்டுக்குப் பொய் சொன்னது. "அவர்கள் போய்விட்டார்கள்."

"பாவம். ஏதாவது அவசரமாக இருந்திருக்கும்" என்றான் தேவிட்டா. அதுதான் அவன் பெயர். ராத்திரி முழுக்க ரயிலில் நித்திரையில்லாமல் வந்ததால் சிவந்த கண் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

எல்லாம் வெளிப்பட்டபோது அவன் கோபிக்கவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தான். "குடித்திருக்கிறேன் என்று நினைத்தீர்களா? அப்படியென்றால் நான் சரியாகத்தான் ஆடியிருக்கிறேன்." நனைந்த மேசுகளைக் கழற்றிப் பிழிந்துகொண்டே விளங்கப்படுத்தினான். தொங்காவில் பெண்பிள்ளை தனியே ஆடும்போது அவளுடைய சொந்தக்காரர் பின்னால் நின்று கூடாமல், கோணலாக ஆடுவார்கள். எவ்வளவு அவலட்சணமாக ஆடுகிறார்களோ, அவ்வளவுக்கு அவள் வடிவு தெரியும். தாய்மாமன் மருமகளுக்குக் கீழ்ப்பட்டவன். தன்னை இழிவாக்கி அவளை உயர்த்துவது அவனுக்குப் பெருமை. பிய்ந்த பாய் குடும்பத்தில் மூத்த பாய். அதைக் கட்டுவதே மரியாதை. அதற்கெல்லாம் அவர்களிடம் பெயர்கள் உண்டு. பேனாட்டின் காதில் ஒன்றும் ஏறவில்லை. முன்வரிசை நடுவில் போட்ட மெத்தைக் கதிரையை அவர் பார்க்கவில்லை என்று பாவனை செய்துகொண்டிருந்தார்.

தேவிட்டாவின் கப்பல் புறப்படுவது ஒருநாள் முந்திவிட்டது. அன்று இரவு ரயிலிலேயே அவன் திரும்பவேண்டும். வெள்ளிக்கிழமைக்கு அவன் இல்லை. அதற்காகத்தான் ஒத்திகையிலாவது பின்னால் நின்று ஆடிவிட்டுப் போக வந்திருந்தான். மெலேயைக் கட்டியணைத்து, பாயை அவிழ்த்து லோசேயிடம் கொடுத்துவிட்டு, மேசில்லாத காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ரீ-பானே ரயில் நிலையத்துக்கு இறங்கிப் போனான். மெலே அழுது முடித்து, தாயிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். லோசே அதைப் பேனாட்டுக்கு மொழிபெயர்த்தாள். அதில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"நாளைக்கு ஆடமாட்டேன் என்கிறாள். பின்னால் ஒருவரும் இல்லாமல் ஆடினால் இவளுக்கு ஒருவரும் இல்லை என்று அர்த்தம். நான் பாட வேண்டும், நான் நிற்க முடியாது."

அன்று வீட்டில் புட்டும், நோர்வேக் கடலில் பிடிக்கிற சை மீன் குழம்பும். ஒஸ்லோவுக்கு வந்து எத்தனை வருடமானாலும் சை மீனைப் புளியில் போட்டு அதைப் பாரையென்று நம்பவைக்கிற முயற்சியைப் புளோறன்ஸ் கைவிடவில்லை. சோஃபி அறைக்குள்ளிருந்து வரவில்லை. பேனாட் நடந்ததைச் சொல்லச் சொல்லப் புளோறன்ஸின் அகப்பை அப்படியே நின்றது.

"தாய்மாமனோ?"

"ஓம்."

"தாய்மாமனையா கையிலை பிடிச்சு மேடையாலை இறக்கினியள்?"

"குடிச்ச ஆளெண்டு நினைச்சிட்டன் புளோறன்ஸ்."

"இஞ்சாருங்கோ, சோஃபியின்ரை முதல்நன்மை விழாக் கார்ட்டிலை தன்ரை பேரைச் சின்ன எழுத்திலை போட்டதுக்கே என்ரை அண்ணன் லில்லெஸ்ட்ரோமிலை இருந்துகொண்டு இரண்டு வருஷம் எங்களோடை கதைக்கேல்லை. நீங்கள் அந்த மனுசனைப் பனிக்குள்ளை விட்டுக் கதவைப் பூட்டியிருக்கிறியள்."

"கதவு தானாப் பூட்டினது."

"ஓம், கதவிலை பழியைப் போடுங்கோ."

"அவர் கோவிக்கேல்லை. சிரிச்சவர்."

"கோவிச்சிருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சிரிக்கிற ஆளிட்டை என்னத்தைக் கேக்கிறது?" அவள் புட்டை உதிர்த்துத் தட்டில் போட்டாள். "அந்தப் பிள்ளைக்கு வேறை ஆக்கள் இல்லையே?"

அறைக்கதவு திறந்தது. சோஃபி கண் வீங்கி நின்றாள். "இல்லை அம்மா. தொங்கா ஆக்கள் இஞ்சை வேறை ஒருத்தரும் இல்லை. எங்களுக்கெண்டால் எங்கை போனாலும் மாமா, சித்தி, ரீச்சர் எண்டு ஆக்கள். அவளுக்கு ஒராள்தான் வந்தவர். அந்த ஒராளையும் அப்பா வெளியிலை விட்டுட்டார்."

"பிள்ளை, நான் தெரியாமல்..."

"உங்களுக்கு ஒண்டும் தெரியாது. ஆரும் கொஞ்சம் வித்தியாசமா நிண்டால் உடனை இறக்கிறது. நான் ரண்டு மாசமா அவளோடை இருந்து அந்தப் பாட்டுக்குக் கை தட்டப் பழகினனான்."

பேனாட் புட்டைக் குழைத்துக்கொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. பிறகு தட்டைத் தள்ளி வைத்து, "நான் ஆடுறன்" என்றார்.

புளோறன்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆர்? நீங்களோ?"

"பின்னுக்கு நிண்டு கூடாமல்தானே ஆடவேணும். அதுக்கென்ன பழக்கம்? நான் இறக்கிவிட்ட ஆளின்ரை இடத்திலை நான்தான் நிக்கவேணும்."

சோஃபியின் முகம் வெளுத்தது. அவள் கண்ணுக்கு முன்னால் நானூறு பிள்ளைகளும் அந்தப் பாட்டுப் பாடிய நாலு பொடியளும் வந்திருக்க வேண்டும். "வேண்டாம். முழு ஸ்கூலும் பாக்கும். அப்பா, ப்ளீஸ். அது ஃப்ளௌட். நீங்கள் நாளைக்கு யிம்சாலுக்குள்ளையே வராதேங்கோ" என்றாள். பிறகு கதவு சாத்திக்கொண்டது. இதுவும் உள்ளிருந்து மட்டும் திறக்கிற கதவுதான்.

புளோறன்ஸ் அவர் பக்கத்தில் வந்து இருந்தாள். "என்ன செய்யப்போறியள்?"

"தெரியேல்லை."

அது பொய்யில்லை. போனால் மகளிடம் மிஞ்சியிருக்கிற கொஞ்சமும் போய்விடும். போகாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒருவருமில்லை. தட்டைக் கழுவும்போதும் அதுதான், படுக்கும்போதும் அதுதான்.

வெள்ளி காலை பனி விட்டிருந்தது. வானம் கழுவிய பீங்கான்போலிருக்க, பத்து மணிக்குப் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்தால் சூரியன் வந்து யிம்சாலின் உயர யன்னல்களில் ஏறியது. பேனாட் நிலவறைக்குப் போய், முதல்நாள் இரவு திரும்பவும் குழாயில் சாய்த்து வைத்த போத்தலைத் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் தெளிந்து இளம் மஞ்சளாக இருந்தது. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு, லோசே மகளுக்குத் தலைசீவிக்கொண்டிருந்த உடைமாற்றும் அறைக் கதவைத் தட்டினார். கதவு திறந்ததுமே சொல்லிவிட்டார், இல்லாவிட்டால் வாயில் வராது.

"நான் பின்னால் நிற்கலாமா? உங்கள் ஆள் இல்லை. ஆனால் நான் நிற்கலாமா?"

லோசே சீப்பைக் கீழே வைத்தாள். "முன்பு ஆடியிருக்கிறீர்களா?"

"பதினெட்டு வயதில், கோயில் முற்றத்தில், நாட்டுக்கூத்து. மூன்று வருடம் தளபதி வேஷம்."

"ஐயோ, அது கஷ்டம்" என்றாள் அவள் உண்மையான கவலையோடு. "ஆடத் தெரிந்தவருக்கு இது வராது."

மெலே கண்ணாடிக்குள்ளால் அவரைப் பார்த்தாள். எண்ணெய் இன்னும் பூசாத அவள் கைகள் மங்கலாக இருந்தன. "சோஃபிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அவள் வரவேண்டாம் என்றாள்."

பிள்ளை யோசித்தாள். "சோஃபியின் அப்பா என்றால் எனக்குச் சரி" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரை அவர் கேட்டு இரண்டு வருடம். வக்ட்மெஸ்தர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். லோசே தம்பியின் பாயை எடுத்து அவர் இடுப்பில் சுற்றிக் கயிற்றை இறுக்கினாள். ஓலை விலாவில் உரசியது. அதற்குள் இன்னும் நேற்றைய பனியின் ஈரம் இருந்தது.

யிம்சால் நிறைந்திருந்தது. பின்வரிசையில் பெற்றோர், அதில் புஷ்பமலர் ரீச்சர், வேலையிடத்தில் சொல்லிவிட்டு ஓடிவந்த புளோறன்ஸ். முன்வரிசை நடுவில் மெத்தைக் கதிரை வெறுமையாக இருந்தது. சோஃபி மேடையின் இடது ஓரத்தில், ஏழாம் வகுப்போடு நிலத்தில் இருந்தாள். நீலக் காற்சட்டைக்கு மேலே பிய்ந்த பாயும் இடுப்பில் சாவிகள் குலுங்கும் திறப்புக்கொத்துமாகப் பேனாட் ஏறியபோது மண்டபம் ஒருதரம் அலைமோதிச் சிரித்தது. சோஃபி முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தாள். அதை மட்டும்தான் அவர் கண்டார்.

லோசே பாடத் தொடங்கினாள். மெலேயின் கை எழுந்தது.

யன்னல் வெயில் மேடைவரை நீண்டு அவள் தோளில் விழுந்தது. அந்தக் கைகள் மெதுவாகத் திரும்ப, வெளிச்சமும் கூடத் திரும்பியது. பேனாட் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். இந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் எங்கோ ஒரு ஆழமில்லாத கடலில் கால் வைத்து நிற்பதுபோலவும், தண்ணீர் வந்து வந்து கணுக்காலைத் தொட்டுப் போவதுபோலவும் இருந்தது. பிறகு கால் தன்பாட்டுக்கு அசைந்தது.

வினை அங்கேதான் வந்தது. கால் தாளத்தில் விழுந்தது. இருபத்தைந்து வருடம் சும்மா கிடந்த கால், பனியிலும் உப்பிலும் தேய்ந்த கால், தளபதியின் காலாகிவிட்டது. எட்டு வைத்துத் திரும்பி, முழங்கால் மடித்து, தோளை ஒரு வெட்டு வெட்டினார். திறப்புக்கொத்து சதங்கையாய்ச் சேர்ந்துகொண்டது. சிரித்த பிள்ளைகள் சிரிப்பை விட்டார்கள். யாரோ கை தட்டினார்கள். நானூறு பிள்ளைகளும் தட்டினார்கள். பின்வரிசையில் புஷ்பமலர் ரீச்சர் எழும்பியே நின்றுவிட்டார். உடம்பு லேசாகி, அவர் எங்கே நிற்கிறார் என்பதும் மறந்து, ஆடினார். எவ்வளவு காலமாயிற்று, ஒரு கூட்டம் தன்னைப் பார்த்து. அந்தச் சந்தோஷத்தை இல்லை என்று சொல்லமுடியாது.

ஆனால் ஒருவரும் மெலேயைப் பார்க்கவில்லை. அவள் கை இன்னும் திரும்பிக்கொண்டுதான் இருந்தது. தலை சரியவில்லை. வாயில் ஒட்டியிருந்த சிரிப்பு மெல்ல உதிரத் தொடங்கியது.

"அப்பா."

இடது ஓரத்திலிருந்து வந்தது. சோஃபி எழும்பி நின்றாள். நானூறு பிள்ளைகளுக்கும் கேட்க, நோர்வே மொழியில் அல்ல.

"அப்பா, வடிவா ஆடாதேங்கோ."

பேனாட்டின் கால் அந்தரத்தில் நின்றது.

"எல்லாரும் உங்களைத்தான் பாக்கினம். கூடாமல் ஆடுங்கோ அப்பா. அவளைப் பாக்கட்டும்."

அவர் காலைக் கீழே வைத்தார், பிழையான இடத்தில். அது சுலபமாக இல்லை. தாளம் ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடித்துச் சரியான இடத்துக்கு இழுத்தது. அவர் அதைப் பிடுங்கிப் பிடுங்கிப் பிழையான இடத்தில் வைத்தார். ஒரு கை மேலே போக மற்றது எங்கே போவதென்று தெரியாமல் மூக்கில் பட்டது. பாய் நழுவியது, அதைப் பிடிக்கக் குனிய, திறப்புக்கொத்து மேடையில் விழுந்து சிதறியது. சிரிப்பு திரும்பி வந்தது. அந்தச் சிரிப்பு அவரில் பட்டு, அவரைத் தாண்டி, முன்னால் நின்றவளில் போய்த் தங்கிச் சத்தமடங்கியது. எல்லாக் கண்ணும் அந்த மினுங்கும் கைகளுக்குத் திரும்பிவிட்டன. மெலேயின் தலை துளி சரிந்து நிமிர்ந்தது.

"இது காணாது, இன்னும் கூடாமல்" என்றது பக்கத்தில் ஒரு குரல். சோஃபி சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேடைக்கு ஏறியிருந்தாள். நாலு வருடம் நடனம் பழகி, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று விட்டுவந்த பிள்ளை. "இஞ்சை பாருங்கோ அப்பா, இப்பிடி" என்று முழங்காலை உள்ளே மடக்கி, நாக்கை ஒருபக்கம் துருத்தி, வாத்துப்போல ஒரு நடை நடந்தாள். பொடியள் நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பவேயில்லை.

அவரும் அப்படியே நடந்தார். கண் கலங்கி, வழி தெரியாததும் நல்லதாகப் போயிற்று.

மெலே கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள்.